குதிரையும் பேரீச்சம்பழமும்

உங்கள் தாத்தா வீட்டுப் பரணில் துருப்பிடித்த இரும்புத் துண்டு ஒன்று கிடைக்கிறது. என்ன செய்வீர்கள்? பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டுப் பேரீச்சம்பழம் வாங்குவீர்கள். கொஞ்சம் பொறுங்க. அது துப்பாக்கியின் குதிரையாக இருக்கலாம்!

புதுக்கோட்டையில் ஒரு பழைய இரும்புக் கடைத் தராசில் அப்படி ஒன்றைப் பார்த்தேன். 'ஏதோ கேட்டுக் கொக்கி சார்' என்றார் கடைக்காரர். பி.காம். படித்த எனக்கும் இரும்பில் தெரிந்தது கிலோ ரேட் மட்டும்தான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டேன். நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

குழல் வாயில் மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து, ஒரே ஒரு வெடி வெடிக்கிற துப்பாக்கிகள் அவை. மருந்துக்கு நெருப்பைக் கொண்டுசேர்க்கிற பாகம்தான் குதிரை. அது பாம்பு போல வளைந்து, நுனி பிளந்திருந்தால் கனலும் திரியைக் கவ்வியது. ரொம்பப் பழைய வகை. மேலும் கீழும் தாடை, அதை இறுக்கத் திருகு என்று இருந்தால் சக்கிமுக்கிக் கல்லைப் பிடித்தது. கம்பெனிச் சிப்பாய்கள் சுமந்தது இதைத்தான். நுனி கிண்ணம் மாதிரி குழிந்திருந்தால் கேப்புத் துப்பாக்கி.

அதற்கு வழி போட்டவர் ஒரு ஸ்காட்லாந்துப் பாதிரியார், ஃபோர்சைத். கல் பொறி பறந்ததுமே பறவைகள் உஷாராகிவிடுகின்றனவே என்று, அடித்தால் வெடிக்கும் மருந்தைத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்து 1807-ல் காப்புரிமை வாங்கினார். செப்புக் கேப்பு அதற்குப் பிறகு வந்தது.

குதிரையைப் பூட்டிய தகடும் பேசும். அதில் அடைத்த ஓட்டைகள் இருந்தால், கல் துப்பாக்கியைக் கேப்புக்கு மாற்றியிருக்கலாம். நான்கு கூறாகப் பிரிந்த இதயம், அதன் தலையில் 4 என்ற குறி இருந்தால், அது கிழக்கிந்தியக் கம்பெனி முத்திரை.

'இதெல்லாம் எதுக்கு சார்?' என்கிறீர்களா? 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் தூக்கில் போட்ட கம்பெனி, டிசம்பர் 1-ம் தேதி, பாளையக்காரர்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று பிரகடனம் போட்டது. கம்பெனிக்கு நண்பர்களாக இருந்த தொண்டைமான்களின் புதுக்கோட்டை மட்டும் 1948 வரை சமஸ்தானமாகவே நீடித்தது. இந்தப் பக்கத்தில் ஒரு குதிரை கிடைத்தால், அது யார் கையில் இருந்தது என்பது சாதாரணக் கேள்வி இல்லை. துப்பாக்கிக்காரர் பெயர் எந்த ஏட்டிலும் இருக்காது. இரும்பு மட்டும்தான் சாட்சி. உருக்கிவிட்டால் அதுவும் போச்சு.

போலீஸ் பயத்தில் கிணற்றில் வீசிவிடாதீர்கள். பழுது பார்த்தாலும் சுட முடியாத பழைய ஆயுதங்களுக்கும், துப்பாக்கியாகச் சேர்க்கும் எண்ணமில்லாத சில்லறை உதிரிபாகங்களுக்கும் 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ம் பிரிவு விலக்குத் தருகிறது. முழுத் துப்பாக்கியே கிடைத்தால் மட்டும் நோண்டாதீர்கள். உள்ளே மருந்து இருக்கலாம். போலீஸுக்குச் சொல்லிவிடுங்கள்.

துண்டை செங்கல் பொடி போட்டுத் தேய்க்காதீர்கள், முத்திரை அழிந்துவிடும். திருக்கோகர்ணத்தில் 1910-ல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஒருமுறை காட்டுங்கள்.

பேரீச்சம்பழம் எங்கும் போகாது. கடையிலேயே கிடைக்கும்.