பெட்டிக்குள் பஞ்சு

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

"மாலையில் என்ன வேலை பார்க்கிறாய்?" என்று வகுப்புத் தோழர்கள் கேட்கும்போதெல்லாம், "துடைக்கிறேன்" என்று சொல்லிவிடுவேன். ஏதோ ஓட்டலில் மேசை துடைக்கிறேன் என்று எண்ணிக்கொண்டு அதற்குமேல் அவர்கள் கேட்பதில்லை. வீட்டிலோ என் அம்மா பக்கத்து வீட்டு அத்தையிடம், "பையன் கம்ப்யூட்டர் வேலைக்குப் போறான்" என்று சொல்லி வைத்திருக்கிறார். இரண்டும் முழு உண்மை அல்ல. முழுப் பொய்யும் அல்ல.

குமாரபாளையம் பேருந்து நிலையத்திற்கு அருகே ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே ஒதுங்கியிருக்கும் வீடியோ கேம் கடை அது. மாணவ நண்பர்களில் பலர் அங்கே வந்திருப்பீர்கள். வந்ததாக வீட்டில் சொல்லியிருக்க மாட்டீர்கள். ஆசிரியப் பெருமக்களுக்காகச் சிறு விளக்கம் தருகிறேன். தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் பெட்டிக்குக் கன்சோல் என்று பெயர். கையில் பிடித்து ஆட்டத்தை நடத்துவது கன்ட்ரோலர். எங்கள் கடையில் 2013-இல் உலகச் சந்தைக்கு வந்த பிளேஸ்டேஷன் 4 நான்கும், 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5 ஒன்றும், கன்ட்ரோலர்கள் பத்தும் உண்டு. மாலை ஐந்தரை முதல் இரவு ஒன்பதரை வரை அவற்றுக்குக் காவலனும் கணக்கனும் துப்புரவாளனும் நானே.

ஒரு கன்ட்ரோலரைப் பார்த்த மாத்திரத்தில் அதைப் பிடித்திருந்தவன் என்ன தின்றுவிட்டு வந்தான் என்று என்னால் சொல்ல முடியும். பரோட்டா சால்னா என்றால் பித்தான்களைச் சுற்றி மஞ்சள் வளையம். தட்டுவடை செட் என்றால் மேலோடும் கீழோடும் சேரும் இடுக்கில் பீட்ரூட் துருவல். கால்பந்து ஆட்டத்தில் தோற்றவனுடைய கன்ட்ரோலர் மட்டும் வியர்வையில் ஊறியிருக்கும். ஜெயித்தவனுக்கு ஏன் அவ்வளவு வேர்ப்பதில்லை என்பதை உயிரியல் துறை நண்பர்கள் ஆராயலாம்.

முதல் மாதம் ஈரத் துணியால் துடைத்தேன். கடை அண்ணன் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். மறுநாள் கை கழுவும் சானிடைசரைக் கொண்டு துடைத்தேன். அதில் கிளிசரின் இருக்கிறது. துடைத்த இடம் இன்னும் பிசுபிசுத்தது. தின்னர் கொண்டு துடைக்கலாமா என்று கேட்டதற்கு அவர் பதிலே சொல்லாமல், தின்னர் பட்டு மெழுகு போல் இளகி உறைந்த பழைய ஓடு ஒன்றை எடுத்து என் முன் வைத்தார். செல்போன் பழுது பார்ப்பவர்கள் வைத்திருக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலே இதற்கு ஏற்றது. அதிலும் தண்ணீர் கலவாத 99 விழுக்காடு. அதையும் பெட்டிமேல் ஊற்றக் கூடாது. துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும். இடுக்குகளுக்குப் பழைய பல்துலக்கி. மின்னேற்றும் துளையில் அடைத்த பிசிறை எடுக்க மரப் பல்குச்சி. ஊசி கூடவே கூடாது, உள்ளே இருக்கும் முனைகள் வளைந்துவிடும். காதில் மாட்டும் ஹெட்செட்டின் பஞ்சுறையைப் பற்றி இங்கே எழுத வேண்டாம். இந்த மலரைச் சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்களும் இருப்பார்கள்.

இத்தனை செய்தும் தீராத நோய் ஒன்று கன்ட்ரோலருக்கு உண்டு. கட்டை விரலால் தள்ளும் குமிழைத் தொடாமலே திரையில் ஆட்டக்காரன் தானாக நடக்கத் தொடங்குவான். 'ட்ரிப்ட்' என்பார்கள். சின்னப் பையன்கள் "அண்ணா, பேய் புடிச்சிருச்சுங்ணா" என்பார்கள். நான்கு திருகுகளைக் கழற்றி அதை முதன்முதலாகத் திறந்து பார்த்த அன்று நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். உள்ளே இருந்தது நம் ஆய்வுக்கூடத்து மின்னழுத்தமானி! குமிழ் ஒவ்வொன்றின் பக்கத்திலும் செங்குத்தாக இரண்டு சிறிய மாறு மின்தடைகள். ஒன்று இடவலம் சொல்ல, மற்றொன்று மேல்கீழ் சொல்ல. கரித்தடத்தின்மேல் ஓர் உலோக நாக்கு உரசிக்கொண்டு நகர்கிறது. அவ்வளவுதான்.

டேனியல் மின்கலச் சோதனையின்போது, "ஜாக்கியைக் கம்பிமேல் இழுக்காதே, தொட்டுத் தொட்டு எடு, கம்பி தேய்ந்துவிடும்" என்று நம் ஆசிரியர் எத்தனை முறை சொல்லியிருப்பார்! கன்ட்ரோலரில் அந்த நாக்கு இழுபடுவதற்கென்றே பிறந்தது. இழுபட்டு இழுபட்டுத் தடம் தேய்கிறது; தேய்ந்த தூள் அங்கேயே கிடந்து தவறான அளவு காட்டுகிறது. ஆல்கஹால் தூளை அகற்றும். சில வாரங்களுக்குப் பேய் ஓடிவிடும். தேய்ந்த தடத்தை எந்த மருந்தும் மீட்டுத் தராது. காந்தத்தைக் கொண்டு உரசாமலே அளக்கும் வழியொன்றும் உண்டு. எட்வின் ஹால் 1879-இல் கண்டறிந்த விளைவை வைத்துச் சேகா நிறுவனம் 1998-லேயே தன் டிரீம்காஸ்ட் கன்ட்ரோலரைச் செய்தது. அவ்வளவு பழைய வித்தை பின்னால் வந்த இந்த பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலரில் ஏன் இல்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இனி பெட்டிக்கு வருகிறேன். சொல்ல வந்ததும் அதைப் பற்றித்தான்.

சென்ற ஆண்டு ஆடி மாதக் காற்றில் மூன்றாம் எண் பெட்டி மாவு மில் போல் இரையத் தொடங்கியது. அரை மணி ஆடினால் சூடு தாங்காமல் தானே அணைந்துவிடும். "பெட்டிக்கு மூச்சு முட்டுது தம்பி, ஞாயித்துக்கிழமை தொறந்து சுத்தம் பண்ணணும்" என்று அண்ணன் சொல்லியிருந்தார். ஞாயிறு காலை அவருக்கு ஒரு கலியாணம். அவர் வருவதற்குள் நாமே முடித்து வைத்தால் மெச்சுவார் என்று எனக்கொரு ஆசை. பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு தெருமுனைப் பஞ்சர் கடைக்குப் போனேன்.

"ஏந்தம்பி, இது டயருக்கு அடிக்கிற காத்து. இதுக்கெல்லாம் ஆகுமா?" என்றார் பஞ்சர் கடைக்காரர்.

"காத்து எல்லாம் ஒண்ணுதானுங்க" என்றேன் நான், இயற்பியல் படிப்பவன்.

குழாயைப் பின்புறத் துளையில் வைத்து அழுத்தினார். உள்ளே காற்றாடி விசில் அடித்தது. சாம்பல் நிறப் பஞ்சுத் துணுக்குகள் புகை போலப் பறந்தன. எனக்கு ஒரே பெருமை. கடைக்கு வந்து இணைத்தேன். நீல விளக்கு சிமிட்டியது. வெள்ளையாக மாறவேண்டிய விளக்கு மாறவேயில்லை. சிமிட்டிச் சிமிட்டி அணைந்தது.

காற்றை அழுத்தினால் சூடேறும். தொட்டியில் அது ஆறும்போது அதிலுள்ள நீராவி நீராகி அடியில் தங்கும். குழாயைத் திறந்தால் அந்த நீரும் காற்றோடு வரும். இதை நான் முதலாண்டு வெப்பவியல் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். இன்னொன்றும் உண்டு: வெளிக்காற்றால் வெறிகொண்டு சுழலும் காற்றாடி, மின்சாரம் வாங்குவதை விட்டுத் தானே மின்சாரம் தரத் தொடங்கும், 1831-இல் ஃபாரடே கண்ட விதி அதுதான். விரலால் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும் என்பது அதனால்தான். நான் இரண்டு விதிகளையும் ஒரே நிமிடத்தில் மறந்திருந்தேன்.

பழுது பார்ப்பவர் திறந்து, பலகையின்மேல் நீர்த்துளி காய்ந்த வட்டங்களைக் காட்டினார். பெட்டி பிழைக்கவில்லை. அண்ணன் திட்டவில்லை, அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "பாதி நான் போட்டுக்கறேன், மீதிய நீ மெல்லக் குடு" என்றார். அந்தப் பாதி என்னுடைய மூன்று மாதச் சம்பளம்.

அன்றிரவு அம்மாவிடம் சொன்னேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். முதல் பட்டதாரிச் சான்று வாங்கத் தாலுகா அலுவலகத்திற்கு என்னோடு மூன்று முறை நடந்தவர் அம்மா. அவர் பணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அதுக்குள்ள அப்படி என்ன கண்ணு அடைச்சிருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

பழுதுக் கடையில் எடுத்த பஞ்சு, காகிதத்தில் மடித்து என் சட்டைப்பையில் இருந்தது. உலோகத் தகடுகளுக்கு நடுவே கம்பளித் துண்டு போலப் படிந்திருந்தது அது. அம்மா அதை வாங்கி விளக்கடியில் வைத்து விரல்களுக்கிடையே உருட்டினார், இழுத்துப் பார்த்தார், முகர்ந்தார். "இது மில்லுப் பஞ்சு இல்ல சாமி. கஞ்சி வாசம் அடிக்குது பாரு. தறிப் பிசிறு. நம்ம தெருவுல பறக்கறதுதான்" என்றார். பிறகு இருமத் தொடங்கினார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அம்மா பதினோரு ஆண்டுகள் ஒரு நூற்பாலையில் கார்டிங் பகுதியில் வேலை பார்த்தவர். மூச்சிரைப்பு வந்த பின் அதை விட்டுவிட்டு வீட்டில் இருந்தபடி தறிக்குத் தார் சுற்றுகிறார். அப்பா தறி ஓட்டுகிறார். "வார லீவு முடிஞ்சு போற மொத நாள்தான் நெஞ்சைப் புடிக்கும். அப்பறம் ரெண்டு நாள்ல பழகிடும்" என்று அம்மா முன்பெல்லாம் சொல்வார். ஓய்வுக்குப் பின் உடம்புக்குச் சோம்பல் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். இந்த ஆண்டு நம் நூலகத்தில் ஒரு நூலைப் புரட்டியபோது, பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் என்னும் நோய்க்கு அந்த முதல்நாள் இறுக்கமே அடையாளம் என்று கண்டேன். சணலையும் ஆளியையும் சிக்கெடுப்போர் ஓயாது இருமுவதை 1700-லேயே இராமாஸ்ஸினி என்னும் இத்தாலிய மருத்துவர் எழுதிவிட்டாராம். எங்கள் வீட்டுக்கு அந்தச் செய்தி வந்து சேர முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

அதன்பின் சுத்தம் செய்வது எனக்கு வேறு வேலையாயிற்று. மாதத்தின் முதல் ஞாயிறு காலை கடைக்கு விடுமுறை. எனக்கு மட்டும் இல்லை. மின்கம்பியைப் பிடுங்கிச் சற்று நேரம் காத்திருப்பேன். நடுவில் முளை வைத்த நட்சத்திரத் திருகுகளை அதற்குரிய திருப்புளியால் கழற்றுவேன். பவர் சப்ளைப் பெட்டியை எடுத்து வைப்பேனே ஒழியத் திறப்பதில்லை. மின்னேற்பிகளில் தங்கிய மின்சாரம் படித்தவன் படிக்காதவன் என்று பார்ப்பதில்லை. காற்றாடியை விரலால் நிறுத்திக்கொண்டு மெல்லிய தூரிகையால் இழை இழையாக எடுப்பேன். கையால் அமுக்கும் ரப்பர்ப் பந்தால் ஊதுவேன். சில்லின் மேலுள்ள வெப்பப் பசையை மாற்றுவது அண்ணன் வேலை. பிளேஸ்டேஷன் 5-இல் பசைக்குப் பதில் திரவ உலோகம் இருக்கிறது. அது ஒழுகினால் மின்சாரத்தையும் கடத்தும் என்பதால் அந்தப் பக்கம் நாங்கள் போவதேயில்லை. பக்கத் தகடுகளை நீக்கி, தூசி சேர்வதற்கென்றே வைத்த குழிகளில் மட்டும் உறிஞ்சி எடுக்கிறோம். ஆயுத பூசையன்று அண்ணன் பெட்டிகளுக்குக் குங்குமம் வைப்பார்; சந்தனத்தோடு குழைத்து, காற்றுத் துளைக்கு எட்டாத இடத்தில் வைக்கும்படி கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அண்ணனுக்கு இன்னும் ஒரு பழக்கம் போகவில்லை. எதைத் திறந்தாலும் வாயால் 'ஃபூ' என்று ஊதுவார். அவர் சிறுவனாயிருந்த காலத்தில் கேசட் போட்டு ஆடும் வீடியோ கேம். ஆட்டம் வராவிட்டால் கேசட்டை எடுத்து ஊதி மறுபடி செருகுவார்களாம், வந்துவிடுமாம். ஊதியதால் வரவில்லை, எடுத்துச் செருகியபோது முனைகள் சரியாகத் தொட்டதால் வந்தது. மூச்சின் ஈரம் முனைகளைக் கெடுக்கவே செய்யும். அவ்வகைக் கேசட்டுகளைச் செய்த நிண்டெண்டோ நிறுவனமே ஊத வேண்டாம் என்றுதான் சொன்னது. சொன்னேன். "ஊதாம எப்படி தம்பி?" என்கிறார்.

எடுத்த பஞ்சைக் குப்பையில் போட மனம் வராமல் ஒரு டப்பாவில் சேர்த்து ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுவந்தேன். "அட்டைக்குப் பதில் இதை லீ வட்டில் வைத்துப் பாரேன்" என்றார் ஆசிரியர், பாதி விளையாட்டாக. அழுத்தி வட்டமாக்கி வைத்தேன். நீராவி ஒருபுறம் கொதிக்க, மறுபுறத்து வெப்பமானி நகர மறுத்தது. அட்டைக்குக் கிடைத்ததைவிடக் குறைந்த மதிப்பே கிடைத்தது. வியப்பில்லை: அலுமினியத்தின் வெப்பங்கடத்து எண் 200 வாட்/மீட்டர் கெல்வினுக்கு மேல், பஞ்சின் இடைவெளிகளில் சிறைப்பட்ட காற்றினுடையதோ வெறும் 0.026. பெட்டி ஏன் மூச்சு முட்டியது என்பது என் ஆய்வேட்டில் கையொப்பத்துடன் இருக்கிறது.

பெட்டி திறக்கும் நாட்களில் அணிவதற்காகக் கடைக் கணக்கில் முகக்கவசம் ஒரு டப்பா வாங்கியிருக்கிறோம். அண்ணனிடம் கேட்டுக்கொண்டு அதில் பத்து எடுத்துப் போய் அம்மாவிடம் கொடுத்தேன். "இதைப் போட்டுட்டு யாருகிட்ட கண்ணு பேசறது?" என்று சிரித்துவிட்டு, இராட்டைக்கு மேலிருந்த ஆணியில் மாட்டினார். நானும் விடவில்லை. இப்போது தார் சுற்றும்போது போட்டுக்கொள்கிறார். அத்தை வந்தால் கழற்றிவிடுகிறார். இந்த வாரம் லுங்கிக்கு நீல ஊடை. நேற்றிரவு நான் வீடு திரும்பியபோது ஆணியில் தொங்கிய வெள்ளைக் கவசத்தின் வெளிப்புறம் முழுதும் நீலமாக இருந்தது. அதை எடுத்துவிட்டுப் புதியதொன்று மாட்டினேன். டப்பாவில் இன்னும் நான்கு இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் மறுபடி கேட்க வேண்டும்.