பெயரில் நேர்ந்த பிழை

"தன் முதுகு தனக்குத் தெரியாது" என்பார்கள் பெரியோர். அதன் பொருளை எனக்கு உணர்த்தியது ஒரு கணிப்பொறி!

2019-ஆம் ஆண்டில் வந்த புதிய பாடநூலிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தான் மொழி பாடமாயிற்று. அதில் எல்லாவற்றையும் நாமே எழுத வேண்டியதில்லை. பிறர் எழுதி வைத்த தொகுதிகளை 'இம்போர்ட்' என்னும் ஒரே சொல்லால் வரவழைக்கலாம். 'இம்போர்ட் டேட்டைம்' என்றால் தொகுதி முழுவதும் வரும்; அதிலுள்ள 'டேட்' என்ற இனக்குழுவை ஒவ்வொரு முறையும் தொகுதியின் பெயரோடு சேர்த்தே அழைக்க வேண்டும். 'ஃப்ரம் டேட்டைம் இம்போர்ட் டேட்' என்றாலோ, 'டேட்' என்று நேரே அழைக்கலாம். எங்கள் ஆலங்குடிப் பக்கத்துப் பலாப்பழம் வீட்டுக்கு வந்தால் சுளைகளும் உடன் வருவதுபோல, இனக்குழு வந்தால் அதன் உறுப்புகளும் வந்துவிடும். 'டுடே' என்ற உறுப்பை மட்டும் தனியே இறக்குமதி செய்ய முடியாது.

செய்முறைத் தேர்வுக்கு இரண்டு வாரமே இருந்தது. இன்றைய தேதியைக் காட்டும் சிறு நிரலை எழுதி இயக்கினேன். 'டேட்' என்பதை இறக்குமதி செய்ய இயலவில்லை என்று சிவப்பு எழுத்தில் செய்தி வந்தது! எத்தனை முறை பார்த்தும் எழுத்துப் பிழை இல்லை. எனக்கு முன் அந்தக் கணிப்பொறியில் அமர்ந்திருந்தவள் என் தோழி. "நீதான் எதையோ கெடுத்துவிட்டாய்!" என்று எல்லார் முன்னிலையிலும் கூறிவிட்டேன். அவள் கண்கள் கலங்கின.

சிஸ்டர் வந்தார். நிரலை விட்டுவிட்டுக் கோப்பின் பெயரைப் பார்த்தார். அதற்கும் 'டேட்டைம்' என்றே நான் பெயரிட்டிருந்தேன்!

"வீட்டிலே ஒரு மேரி இருக்கும்போது வாசலில் நின்று 'மேரி' என்று கூப்பிட்டால், திருச்சியிலிருக்கும் மேரி அத்தையா வருவார்?" என்று கேட்டார். பைத்தான் முதலில் நம் நிரல் இருக்கும் கோப்புறையில்தான் தேடுமாம். என் கோப்பையே தொகுதியென்று அது எடுத்துக்கொண்டது. அதில் 'டேட்' ஏது? பெயரை மாற்றினேன், தேதி வந்தது.

கோப்பின் பெயரை மாற்ற ஒரு நொடி போதும். சொல்லிவிட்ட சொல்லை எப்படி மாற்றுவது? மாலையில் பேருந்து நிறுத்தத்தில் தோழியிடம் மன்னிப்புக் கேட்டேன். "எல்லார் முன்னாலேயும் சொன்னியேடி" என்றாள், மெதுவாக. மறுநாள் எல்லார் முன்னிலையிலும் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். அதன் பிறகுதான் அவள் சிரித்தாள்.

அன்புத் தங்கையரே, பிழை கண்டால் பிறரைத் தேடிப் போகுமுன், நம் கோப்புறையை ஒருமுறை திறந்து பார்ப்போமா?

— பன்னிரண்டாம் வகுப்பு மாணவி