தேதி என்ன மக்களே?

விழிஞ்ஞம் பக்கத்துத் தபாலாபீஸ் ஒன்றில் நான் கவுண்டரில் இருந்த காலம். பட்டாளத்திலிருந்து மகன் போட்ட கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல்லி வரும் அம்மாமார் முதலில் கேட்பது இதுதான்: "தேதி என்ன மக்களே?" உள்ளே என்ன எழுதியிருக்கிறான் என்பதெல்லாம் அப்புறம். கடலுக்குப் போன வள்ளம் கரை சேரக் காத்திருந்தே பழகியவர்கள் அவர்கள். எந்த நாள் வரை பிள்ளை உயிரோடு இருந்தான் என்பது தெரிந்துவிட்டால் பாதி மூச்சு திரும்பிவிடும்.

அந்தக் கேள்வியின் கனம் எனக்கு 1999-ல்தான் விளங்கியது. தபால்துறை ஊழியர்கள் டெபுடேஷனில் போய், சில வருடம் சீருடை போட்டு ராணுவத்துக்குத் தபால் வேலை பார்ப்பது வெளியே பலருக்குத் தெரியாது. 1972 மார்ச் 1 முதல் ராணுவத் தபால் பிரிவு தனிப் படைப்பிரிவு. நாக்பூர் அருகே காம்ப்டியில் பயிற்சி முடித்து நான் போய்ச் சேர்ந்த இடம் காஷ்மீர். அடுத்த கோடையில் கார்கில் போர்.

எங்கள் தபாலாபீஸ் ஒரு கூடாரம். ஒரு மேசை, தராசு, அரக்கு, தபால் பைகள், ஒரு முத்திரை. ஊரில் நான் குத்திய முத்திரையில் ஊர்ப்பெயர் இருக்கும். இதில் எண்ணும் தேதியும் மட்டும்தான். முகவரியிலும் இடம் கிடையாது. படை எண், பதவி, பெயர், யூனிட், 56 ஏ.பி.ஓ. அவ்வளவுதான். யூனிட் ராவோடு ராவாக மலை தாண்டினாலும் முகவரி மாறாது. அது இப்போது எங்கே இருக்கிறது என்பதை டெல்லியில் உள்ள மத்திய தளத் தபாலகம் அறிந்து பையைத் திருப்பிவிடும். இதைவிட அழகான ஏற்பாட்டை நான் என் துறையில் கண்டதில்லை. ஆனால் மகன் இருக்கும் இடம் போர்முனையா, அமைதியான முகாமா என்பதை அந்த உறையை வைத்து எந்தத் தாயும் கண்டுபிடிக்க முடியாது. அவளுக்கு மிஞ்சுவது தேதி ஒன்றுதான். அதனால் முத்திரையைத் தெளிவாகக் குத்துவதை நான் ஒரு கடமையாகவே வைத்திருந்தேன். குளிரில் மை உறைந்தால் அடுப்பருகே வைத்து இளக்கிக்கொள்வேன். தேதி கலங்கிய உறையைப் பையில் போட எனக்கு மனம் வந்ததில்லை.

இலவசக் கடிதத்தாளை வாங்கிக்கொண்டு ஒரு தம்பி தயங்கி நின்றான். நாகர்கோவில் பக்கத்துப் பையன். "அண்ணே, இடம் எழுதக்கூடாது, எங்க போறோம்னு எழுதக்கூடாது, எத்தன பேருன்னு எழுதக்கூடாது. பின்ன என்னத்த எழுத?"

"தேதி போடு. என்ன சாப்பிட்டன்னு எழுது. வீட்டுல எதையாவது கேளு" என்றேன்.

"எடவப்பாதி மழைக்கு முன்ன ஓடு மாத்தியாச்சா?" என்று எழுதினான். ஓட்டைப் பற்றி விசாரிக்கிற மகன் திரும்பி வந்து அந்த ஓட்டின் கீழ் படுக்க நினைக்கிறான் என்று அந்த அம்மா புரிந்துகொண்டிருப்பார்.

கடிதம் போவதும் வருவதும் ஸ்ரீநகர்–லே சாலையை நம்பித்தான். திராஸ் பக்கம் அந்தச் சாலை எதிரியின் பீரங்கிப் பார்வைக்குக் கீழே கிடந்தது. வண்டிகள் இரவில் விளக்கில்லாமல் ஊர்ந்தன. சில நாள் பை வராது. பிறகு மூன்று நாள் தபால் ஒன்றாக வரும். ஊரிலோ தொலைக்காட்சியில் போர் தினமும் ஓடிக்கொண்டிருந்தது. படம் இன்றைய படம். மகனின் கையெழுத்து பத்து நாள் பழையது. நடுவில் உள்ள அந்தப் பத்து நாளைத்தான் குடும்பங்கள் சுமந்தன.

ஜூன் 13-ல் தோலோலிங் மலை, ஜூலை 4-ல் டைகர் ஹில் நம் கைக்கு வந்தன. ஒவ்வொரு ஏற்றத்துக்கு முன்பும் கடிதங்கள் குவியும். சிலர் தபாலில் போடாமல் தோழனிடம் கொடுத்துவிட்டு ஏறினார்கள். கேப்டன் விஜயந்த் தாபர் அப்படி விட்டுப்போன கடிதம் அவர் மறைவுக்குப் பின் குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்ததை நாடே அறியும்.

எனக்குத் தாங்க முடியாமல் போனது எதிர்த்திசையில் வந்தவை. ஆள் இல்லை, ஆனால் வீட்டிலிருந்து கடிதம் வந்துகொண்டே இருக்கும். மரணச் செய்தி முறைப்படி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது உறுதியாகும் வரை நாங்கள் அவற்றைத் திருப்பமாட்டோம். திரும்பிய உறையைப் பார்த்து ஒரு மனைவி விஷயம் அறியக்கூடாது. ஒரு தகரப் பெட்டியில் அவை இருந்தன. வேலையிலேயே கவனமாக நான் செய்தது எது என்று கேட்டால், அந்தப் பெட்டியைப் பூட்டி வைத்ததைத்தான் சொல்வேன்.

ஜூலை 7-ல் திராஸ் பகுதியில் கேப்டன் ஜெர்ரி பிரேம்ராஜ் வீழ்ந்தார். பீரங்கிப் படை அதிகாரி. விழிஞ்ஞத்தை அடுத்த வெங்கானூர்க்காரர். மணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. மறைவுக்குப் பின் வீர் சக்ரா வந்தது. எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெயர் அந்தக் கூடாரத்தில் காதில் விழுந்த நேரத்தில், கையிலிருந்த முத்திரையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

2025 மே 2-ல் விழிஞ்ஞத்தின் புதிய துறைமுகத்தைப் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். தெருவெல்லாம் கூட்டம். ஐந்து நாள் கழித்து ராணுவத்தின் ஆபரேஷன் சிந்தூர். எங்கள் தெருவில் ஒரு பையன் ஜம்மு பக்கம் இருந்தான். அவன் போன் இரண்டு நாள் பேசவில்லை. அவன் அம்மா கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். வாட்ஸ்அப்பில் அவன் கடைசியாக வந்துபோன நேரம். "இது எப்பத்த நேரம் அண்ணா? நேத்தா, முந்தாநேத்தா?"

அதே கேள்விதான். நேற்று இரவு என்று சொன்னேன். உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

உங்கள் வீட்டுப் பிள்ளை எல்லையில் இருந்தால், எங்கே இருக்கிறாய் என்று கேட்காதீர்கள். அவனால் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அவன் இருக்கும் இடத்தை யூகித்து யாருடனும் பகிராதீர்கள். மழை பெய்ததை, மீன் விலையை, பாப்பா பள்ளிக்குப் போனதை எழுதுங்கள். பதில் வராவிட்டாலும் எழுதுங்கள். போன் திறக்கும்போது அது அங்கே இருக்க வேண்டும்.