எழுபது வளைவுக்கு மேலே ஒரு கணினி

முதல்முறை கணினி சேர்ப்பவர்களுக்கு யோசனை சொல்கிறவர்கள் எல்லோரும் ப்ராசசரில் ஆரம்பிக்கிறார்கள். பிறகு மதர்போர்டு, ராம், கிராஃபிக்ஸ் கார்டு என்று போய், கடைசியில் மிச்சமிருக்கும் காசுக்கு ஒரு எஸ்எம்பிஎஸ். கொல்லிமலையில் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கவேண்டும். சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டிலிருந்து தொடங்கவேண்டும்.

2023 கோடையில் அக்கா மகன் என்னிடம் 48,000 ரூபாய் கணக்குச் சொன்னான். டிப்ளமோ முடித்துவிட்டு இரண்டு பருவம் குடகுத் தோட்டங்களில் மூங்கில் ஏணியில் ஏறி மிளகு பறித்துச் சேர்த்த பணம். எங்கள் மலையிலும் சில்வர் ஓக் மரங்களில் மிளகு படர்ந்துதான் கிடக்கிறது. ஆனாலும் கூலிக்கு எங்கள் ஆட்கள் குடகுக்கும் கேரளத்துக்கும் போகிறார்கள். அவனுக்குப் போகப் பிடிக்கவில்லை. செம்மேட்டுப் பக்கம் ஒரு சின்ன அறை, விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது, பத்திரிகை, பேனர் வடிவமைப்பது, ராத்திரியில் பிளெண்டர் கற்றுக்கொள்வது என்று ஒரு திட்டம் வைத்திருந்தான். “ஒரு வருசம் பாக்கறேன். சரிப்படலேன்னா மூட்டையக் கட்டு” என்று அவன் அப்பா சொல்லிவிட்டார். ஆகவே இந்தப் பணத்துக்கு இரண்டாம் வாய்ப்பு கிடையாது.

அக்காதான் நியாயமான கேள்வியைக் கேட்டாள். “ஏன்டா தம்பி, லேப்டாப்புன்னா கரண்டு போனாலும் ஓடுமில்ல? எதுக்கு இத்தன டப்பா?”

ஓடும். ஆனால் இன்றைய லேப்டாப் பலவற்றில் ராமைக்கூட போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். ஒன்று போனால் மொத்தமும் முடங்கும். அதைத் தூக்கிக்கொண்டு 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி, காரவள்ளி தாண்டி, நாமக்கல்லோ சேலமோ போய்க் கொடுத்துவிட்டு வரவேண்டும். திரும்பி வரும்வரை கடை மூடியிருக்கும். டெஸ்க்டாப்பில் எது கெட்டதோ அதை மட்டும் கழற்றலாம். இது யாரோ பார்த்துப் பார்த்துக் கொடுத்த வரம் இல்லை. 1981இல் ஐபிஎம் தன் பிசியை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுவர, வெளியில் கிடைத்த பாகங்களை வைத்தே கட்டியது. ப்ராசசர் இன்டெலுடையது, மென்பொருள் மைக்ரோசாஃப்டுடையது. அதனால் மற்றவர்களும் அதைப்போலவே செய்ய முடிந்தது. 1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் அளவுகளை வெளியிட்டது. திருகாணி ஓட்டை எங்கே இருக்கவேண்டும் என்பதுவரை அதில் இருக்கிறது. ரிச்சி தெருவில் ஒரு கடையில் போர்டும் இன்னொரு கடையில் பெட்டியும் வாங்கி, இரண்டும் பொருந்துமா என்ற கவலையில்லாமல் பஸ் ஏறுகிறோமே, அதற்கு இந்த இரண்டும்தான் காரணம்.

சரி, பிளக் பாயிண்ட். மல்ட்டிமீட்டரோடு மூன்று நாள் அந்த அறையில் இருந்தேன். மதியம் 225 வோல்ட். சாயங்காலம் ஏழு மணிக்கு 168. நடுராத்திரி 250ஐத் தாண்டியது. நீளமான லைனின் கடைசிக் கட்டடம் அது. எல்லா வீட்டிலும் விளக்கும் மிக்சியும் ஓடும்போது கம்பியின் மின்தடையே ஒரு பகுதியைத் தின்றுவிடும். ஊர் தூங்கியதும் அந்த இழப்பு குறைந்து வோல்ட் மேலே ஏறும். இதில் யாரையும் திட்டிப் பயனில்லை.

இங்கேதான் எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படிக்கவேண்டும். எத்தனை வாட் என்பதைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். நமக்கு வேண்டியது சின்ன எழுத்து. விலை குறைந்த பல மாதிரிகளில் உள்வரும் மின்னழுத்தம் 200-240 என்று இருக்கும். 168 வோல்ட்டில் அது எப்போது அணையும் என்று சொல்ல முடியாது. 100-240 என்று போட்டிருப்பதுதான் மலைக்கு ஆகும். வோல்ட் குறைந்தால் அது கூடுதல் ஆம்பியர் இழுத்துச் சரிக்கட்டிக்கொள்ளும். 550 வாட், 80 ப்ளஸ் பிரான்ஸ், 4,000 ரூபாய். “மாமா, அத்தன வாட்டு வேணுமா?” என்றான். வேண்டாம்தான். அவன் கணினி நூறு வாட்டைச் சற்றுத் தாண்டினால் அதிகம். ஆனால் பின்னால் ஒரு நாள் கார்டு வரும் என்று அவன் கண்ணிலேயே தெரிந்தது.

அடுத்தது எர்த். மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை. இது ரொம்ப வீடுகளில் உண்டு. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள் எர்த்தை நோக்கி இருக்கும். எர்த் இல்லாவிட்டால் அவை வழியாக மெயின் வோல்ட்டில் பாதி பெட்டியின் தகரத்துக்கு வந்துவிடும். ஆளைக் கொல்லாது, ஆனால் வெறுங்காலோடு தொட்டால் சுரீரென்கும். பிரிண்டர் கேபிளைச் செருகும்போது போர்ட்டையும் பதம் பார்க்கும். எலக்ட்ரீசியன் ஒருவரைக் கூப்பிட்டு, பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற இடத்தில், எப்போதும் ஈரமாக இருப்பதால், குழி எடுத்தோம். ஒரு மீட்டரில் பாறை தட்டியது. நாலடி தள்ளி மறுபடி எடுத்து, இரண்டரை மீட்டர் குழாயை இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடினோம். எந்தக் கணினிப் பாகப் பட்டியலிலும் கல் உப்பு வராது. எங்கள் பட்டியலில் அதுதான் முதல் வரி.

யுபிஎஸ் 1000 விஏ. 600 விஏவே 360 வாட் தாங்கும், போதும்தான். ஆனால் அதில் பொதுவாக ஒரு பேட்டரி, இதில் இரண்டு. கரண்டு போனால் அரைமணி நேரமாவது கிடைக்கும். அதற்குள் ஒரு விண்ணப்பத்தை முடித்து அனுப்பிவிடலாம்.

குளிரூட்டலைப் பற்றி அவன் அதிகம் பயந்தான். மலை இந்த ஒரு விஷயத்தில் நம் பக்கம். 1,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைவு, விசிறி தள்ளும் காற்றும் எடையில் அந்த அளவு குறையும். ஆனால் சேலம் 38 டிகிரியில் வேகும்போது இங்கே 28. லாபம் நமக்கே. மூடுபனி உள்ளே புகுந்து நனைத்துவிடுமே என்றான். சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்த பொருளில்தான் நீர் படியும். ஓடுகிற கணினி சூடாகத்தான் இருக்கும். தினமும் இரண்டு மணி நேரம் ஓட்டினால் அதுவே தன்னைக் காயவைத்துக்கொள்ளும். பல்லிதான் உண்மையான எதிரி. எல்லாப் பக்கமும் வலையடித்த பெட்டியாகப் பார்த்து எடுத்தோம்.

இதற்கெல்லாம் பிறகுதான் ப்ராசசர். ரைசன் 5 5600ஜி, ஆறு கோர், 65 வாட், கிராஃபிக்ஸ் உள்ளேயே உண்டு. ஏஎம்4 சாக்கெட் 2022இல் ஏஎம்5 வந்ததுமே பழசாகிவிட்டது, புதுசுக்குப் போகலாமே என்று பெங்களூரில் என் அலுவலக நண்பர்கள் சொன்னார்கள். ஏஎம்5க்கு டிடிஆர்5 ராம் கட்டாயம். போர்டும் விலை. பழசானது என்பதாலேயே ஏஎம்4 பாகம் மூலை முடுக்குக் கடையிலும் கிடைக்கும் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. ராமை 16 ஜிபி ஒரே குச்சியாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு வாங்கச் சொன்னேன். உள்ளிருக்கும் கிராஃபிக்ஸ் ராமையே தன் நினைவகமாகப் பயன்படுத்துகிறது. இரண்டு பாதை இருந்தால்தான் அது மூச்சு விடும்.

சண்டை வந்தது கார்டில்தான். யூடியூபில் பார்த்து 20,000 ரூபாய்க்கு ஒன்றைக் குறித்து வைத்திருந்தான். யுபிஎஸ் வேண்டாம், மானிட்டர் பழசு வாங்கிக்கலாம், கார்டு மட்டும் வேணும் என்று நின்றான். ஒரு ராத்திரி முழுக்கப் பேசவில்லை. காலையில், “மாமா, கார்டு இல்லாம பிளெண்டர் ஓடுமா ஓடாதா? நேரா சொல்லுங்க” என்றான். ஓடும், மெதுவாக ஓடும், ஒரு படத்துக்கு ராத்திரி பூரா ஆகலாம் என்றேன். “ராத்திரி எப்படியும் நாந்தான தூங்கறேன், அது எதுக்குத் தூங்கணும்” என்றான்.

மிளகு மண்டிச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கூட்டினோம். ப்ராசசர் 12,000, போர்டு 7,000, ராம் 3,500, எஸ்எஸ்டி 3,000, எஸ்எம்பிஎஸ் 4,000, பெட்டி 3,000, மானிட்டர் 8,500, யுபிஎஸ் 5,500, கீபோர்டும் மவுசும் 1,000. ஆக 47,500. எர்த் செலவு மட்டும் என்னுடையது.

சேலத்தில் வாங்கிப் பஸ்ஸில் ஏறினோம். யுபிஎஸ்ஸைக் காலடியில் வைத்து அணைத்துக்கொண்டான், மானிட்டர் என் மடியில். வளைவுக்கு வளைவு போர்டில் எண் போட்டிருப்பார்கள். முப்பதுக்கு மேல் எண்ணுவதை நிறுத்திவிட்டான். வீட்டுக்கு வந்து மாட்டி முடிக்க மூன்று மணி நேரம். அவன் அப்பா திண்ணையிலிருந்து எழுந்து வந்து, திறந்திருந்த பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். நீளமான ஸ்லாட்டைக் காட்டி, “இதுல ஒண்ணும் மாட்டலியா?” என்றார்.

“அது அப்புறம்ப்பா” என்று பக்கவாட்டுத் தகடை மூடித் திருகாணி போட்டான். மணி ஏழாகியிருந்தது. மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். சுவரில் 171, யுபிஎஸ்ஸுக்குப் பின்னால் 214.