வெள்ளிக்கிழமை ராஜாக்கள்

மேற்கு டெக்சாஸில் யாராவது நட்டுத் தண்ணீர் ஊற்றினால்தான் மரம் உண்டு. கண்ணுக்கு எட்டியவரை தட்டையான பொட்டல். அதில் இரவு பகலாகத் தலையாட்டிக்கொண்டு நிற்கும் எண்ணெய் பம்புகள். நடுவே, சுமார் 1,14,000 பேர் வசிக்கும் ஒடெஸ்ஸா. ஊரைத் தேடி வந்து பார்க்கும்படி அதிகம் எதுவும் இல்லை, இலையுதிர்கால வெள்ளிக்கிழமை இரவைத் தவிர.

அன்று மாலை கடை கண்ணியை மூடிவிட்டு ஊரே ராட்லிஃப் ஸ்டேடியத்துக்குக் கிளம்புகிறது. 1982-ல் 56 லட்சம் டாலரில் கட்டியது. 17,000 பேருக்கு மேல் உட்காரலாம். ஆடப்போவது ஏதோ தேசிய அணி அல்ல. பெர்மியன் உயர்நிலைப் பள்ளிப் பையன்கள். ஆட்டத்துக்குப் பெயர் கால்பந்து. ஆனால் காலுக்கு வேலை குறைவு. நீள்வட்டப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும், எதிரே வருபவனை முட்டித் தள்ள வேண்டும். பள்ளி ஆட்டங்களுக்குக் கூட்டம் குறைந்துவிடக் கூடாது என்று, சீசனில் வெள்ளி இரவுகளில் தொழில்முறை ஆட்டங்களை டிவியில் காட்டுவதற்கு 1961-லேயே சட்டம் முட்டுக்கட்டை போட்டிருக்கிறது.

மற்ற நாட்களில் அமெரிக்கப் பள்ளிகளில் நடப்பதுதான் இங்கேயும். மஞ்சள் பஸ், வரிசையாக இரும்பு லாக்கர்கள். மணியடித்தால் ஆசிரியர் அல்ல, மாணவர்கள் வகுப்பு மாறுகிறார்கள். அல்ஜீப்ராவில் தோற்றவன் அந்த ஒரு பாடத்தை மட்டும் மறுபடி படித்தால் போதும். பதினாறு வயதில் கார் லைசென்ஸ். கார் இல்லாத பிள்ளை இந்த ஊரில் கால் இல்லாத பிள்ளை மாதிரிதான். பெட்ரோல் காசுக்காக மாலையில் ஹாம்பர்கர் கடையில் வேலை பார்ப்பவர்கள் ஏராளம். பழைய மாணவர்கள் ஊர் திரும்பும் ஆட்டத்தன்று மாணவிகள் சட்டையில் குத்திக்கொள்ளும் துணிச் சாமந்திப்பூவைப் பார்க்க வேண்டும்! ரிப்பன்கள் முழங்கால்வரை தொங்கும், மணிகள் குலுங்கும். பெரியதென்றால் சில நூறு டாலர் ஆகிவிடும்.

இந்தக் கோலாகலத்தின் மறுபக்கத்தை எழுதியவர் எச்.ஜி. பிஸிங்கர். 1988 சீசன் முழுவதும் பெர்மியன் அணியோடு இருந்துவிட்டு, 1990-ல் அவர் வெளியிட்ட புத்தகம் பின்னர் சினிமாவாகவும் டிவி தொடராகவும் வந்தது. ஆட்டக்காரன் ஒவ்வொருவனுக்கும் ஒரு மாணவி ஒதுக்கப்பட்டு, தின்பண்டம் செய்து கொடுத்ததை எழுதினார். அதைவிட உறைத்தது கணக்கு வழக்கு. மாணவர் விளையாட்டு அணிகளின் மருந்து, கட்டுத்துணிக்கு 6,750 டாலர். ஆங்கிலத் துறையின் பாடப் பொருட்களுக்கு 5,040 டாலர். ஊர் கொதித்தது. மிரட்டல்கள் வந்ததால் ஒடெஸ்ஸாவில் வாசகர்களுக்குக் கையெழுத்துப் போடும் நிகழ்ச்சியை அவர் ரத்து செய்தார். கோபப்பட்டவர்கள் அந்த எண்களுக்குப் பதில் சொல்லியிருக்கலாம்.

அரசு இதைக் கவனிக்காமல் இல்லை. ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே வாங்கினாலும் ஆறு வாரம் ஆடக் கூடாது என்று 1984-ல் டெக்சாஸ் சட்டம் கொண்டுவந்தது. 1995-ல் அது மூன்று வாரமாகக் குறைந்தது. சட்டத்தின் பலத்தைக் காட்டியது 1988-தான். அந்த ஆண்டு அரையிறுதியில் பெர்மியனை 14-9 என்று வென்று, பிறகு மாநிலக் கோப்பையையும் தூக்கியது டல்லாஸின் கார்ட்டர் பள்ளி. ஒரே ஒரு மாணவனின் அல்ஜீப்ரா மார்க் மீது வழக்கு நடந்து, 1991-ல் அந்தப் பட்டம் பறிபோனது. அந்த மார்க் சரியா என்பதில் மாநிலமே கட்சி பிரிந்தது. பையனுக்கு அல்ஜீப்ரா புரிந்ததா என்று கேட்கத்தான் ஆளில்லை.

பிளஸ் டூ மார்க்கை வைத்துப் பிள்ளையை எடைபோடும் நம் ஊர்களுக்கு இதைப் பார்த்துச் சிரிக்க உரிமை கிடையாது. ஆனால் ஒரு வித்தியாசம். மார்க் ஷீட்டைக் காட்டினால் எங்காவது கல்லூரியில் இடம் கிடைக்கும். இங்கே சீசன் முடிந்த மறுநாள் சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கல்லூரி அணிக்குப் போகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். முழங்கால் தசைநார் அறுந்தால் அதுவும் போச்சு.

பெர்மியனுக்கு 1991-க்குப் பிறகு மாநிலக் கோப்பை கிடைக்கவில்லை. இப்போது ஒடெஸ்ஸாவின் பள்ளிப் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் ஸ்பானிய வழி வந்தவர்கள். எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் பள்ளிகள் ஆசிரியரைத் தேடி அலைகின்றன. லாரி ஓட்டினால் அதைவிடச் சம்பளம் அதிகம். பதினெட்டு முடிந்த பையன்களையும் அதே எண்ணெய் வயல்தான் கூப்பிடுகிறது. அடுத்த செப்டம்பரில், கிரீஸ் கறை போகாத கையோடு, டிக்கெட் வாங்கிக்கொண்டு ராட்லிஃபின் படிகளில் வந்து உட்காருகிறார்கள்.