இரைச்சல் என்றார்கள்!

விஞ்ஞானம் பயிலும் எங்களுக்கு இரைச்சல் என்பது ஓயாத பகை. நாங்கள் அளக்க விரும்புவது மிக நுண்ணிய ஒரு துடிப்பு. அதைச் சூழ்ந்து நிற்பது இரைச்சல். மின்சாரத்தோடு வரும், கம்பியில் புகும், காற்றிலும் புகும். அதை வடிகட்டி எறிவதிலேயே எங்கள் பகல் கழிகிறது. பல நாள் இரவும் கழிகிறது. ஆகவே, 'இது வெறும் இரைச்சல்' என்று யாரேனும் தீர்ப்புச் சொன்னால், 'எதைக் கொண்டு அளந்தீர்கள்?' என்று கேட்பது எங்களுக்குப் பழகிவிட்டது. அப்படி ஒரு தீர்ப்பைத் தலைமேல் சுமந்துகொண்டே வாசித்து வென்ற ஒரு கிதார்க் கலைஞரைப் பற்றி நம் சங்க இதழில் எழுத விரும்புகிறேன்.

அவர் பெயர் பட்டி கை. 'கை' என்பது குடும்பப் பெயர். தமிழர் அதைக் கேட்டதும் அவர் விரல்களை நினைத்துக்கொண்டால் குற்றமில்லை! அமெரிக்காவின் தென்மாநிலமான லூசியானாவில், லெட்ஸ்வொர்த் என்னும் சிற்றூரில், 1936-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் பிறந்தார். பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்ட கறுப்பினக் குடும்பம். சிறுவயதில் பருத்தி பறித்தார். அவருடைய முதல் வாத்தியம் கடையில் வாங்கியதன்று. தாமே செய்துகொண்ட இரண்டு தந்திக் கருவி.

வாலிப வயதில் பேட்டன் ரூஜ் நகரிலுள்ள லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் துப்புரவுப் பணி பார்த்தார். கறுப்பின இளைஞர்கள் அங்கே பட்டப் படிப்பில் தடையின்றிச் சேரும் நிலை 1964-இல்தான் வந்தது. அவர் வேலை பார்த்ததோ 1950-களில். அந்த வளாகத்தைத் தூய்மை செய்ய அவருக்கு உரிமை உண்டு. அங்கே மாணவராக அமர உரிமை இல்லை. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்ட நாம் இதைச் சற்று நின்று நினைக்க வேண்டாமா?

1957 செப்டம்பரில் அவர் சிகாகோவுக்கு ரயிலேறினார். தெற்கிலிருந்து கறுப்பின மக்கள் லட்சக்கணக்கில் பிழைப்புத் தேடி வடக்கு நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அவர்களோடு அவர்களுடைய பாட்டும் போயிற்று. உழைப்பையும் பிரிவையும் பாடும் அந்த இசைக்குப் புளூஸ் என்று பெயர். தெற்கில் திண்ணையில் பாடிய பாட்டு, சிகாகோவின் மதுக்கூடங்களில் மின்சாரக் கிதாருக்கு மாறியது. அங்கே மேடையேறிய கை, சும்மா நின்று வாசிக்கவில்லை. கிட்டார் ஸ்லிம் என்ற முன்னோடியைப் பார்த்துக் கற்றபடி, நீண்ட கம்பியை இழுத்துக்கொண்டே கூட்டத்துக்குள் நடந்தார்; வாசித்தபடியே தெருவுக்கும் போனார். ஒலிபெருக்கியை உச்சத்தில் வைத்துத் தந்தியை அலற வைத்தார்.

இந்த அலறலின் இயல்பை எனக்கு விளக்கியது பாடப்புத்தகமன்று, என் அறைத் தோழன். வங்காளி; கிதார் பழகுபவன். ஒரு ஞாயிறன்று தன் சிறிய ஒலிபெருக்கியின் முன்னே கிதாரை நிறுத்தி, ஒரு தந்தியை ஒரே ஒரு முறை மீட்டினான். ஒலி தேயவில்லை; வளர்ந்தது! தந்தியின் அதிர்வைக் கிதாரிலுள்ள காந்தமும் கம்பிச் சுருளும் மின்னலையாக்குகின்றன. ஒலிபெருக்கி அதைப் பெரிதாக்கிக் காற்றை அதிர வைக்கிறது. அந்தக் காற்று மீண்டும் தந்தியை அசைக்கிறது. வட்டம் முடிவதே இல்லை. ஓர் அடி தள்ளி நின்றான், சுருதி மாறியது. சற்றே திரும்பினான், ஒலி நின்றது. நான் வியந்து நிற்கையில் பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டி, "யே க்யா ஷோர் ஹை?" என்று கேட்டார். இரைச்சலாம்!

செஸ் என்ற சிகாகோ இசைத்தட்டுக் கம்பெனியின் முதலாளி லெனார்டு செஸ் சொன்னதும் அதுவேதான். கையின் மேடை வாசிப்பை வெறும் இரைச்சல் என்று தள்ளினார். 1959 முதல் 1968 வரை அந்தக் கம்பெனியில் இருந்த கை, பெரும்பாலும் மற்றவர் பாட்டுக்குப் பின்னணிதான் வாசித்தார். மடி வாட்டர்ஸ் 1964-இல் வெளியிட்ட 'ஃபோக் சிங்கர்' தட்டில் அடக்கமாய்க் கேட்கும் இரண்டாவது கிதார் அவருடையது. 1965-இல் ஜூனியர் வெல்ஸின் 'ஹூடூ மேன் புளூஸ்' தட்டு வேறு கம்பெனியில் வெளிவந்தபோது, ஒப்பந்தத்துக்கு அஞ்சி அவர் பெயரையே மறைத்து, 'நட்புள்ள தோழர்' என்று பொருள்படும் பெயரை உறையில் அச்சிட்டார்கள். 1967 வரை பகலில் பழுதான வண்டிகளை இழுத்துச் செல்லும் லாரி ஓட்டினார், இரவில் வாசித்தார்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் எரிக் கிளாப்டன் போன்ற இளைஞர்கள் அவரைக் கேட்டு வளர்ந்தார்கள். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1968-இல் ஒலிப்பதிவுக் கருவியோடு அவர் கச்சேரிக்கு வந்து உட்கார்ந்தார். இவர்களுடைய தட்டுகள் உலகெங்கும் விற்றன. பிற்பாடு லெனார்டு செஸ் தம்மை அழைத்து, குனிந்து நின்று, 'என்னை உதை' என்றாராம். கை பல முறை சொல்லியிருக்கும் கதை இது.

ஆனால் கதை அங்கே சுபமாய் முடியவில்லை. 1980-களில் பெரும்பாலும் அமெரிக்காவில் அவர் தட்டை வெளியிட ஆளில்லை. அவர் வாசிப்பை நிறுத்தவுமில்லை, மாற்றவுமில்லை. 1989-இல் சிகாகோவில் 'லெஜண்ட்ஸ்' என்ற சொந்த இசைக்கூடத்தைத் திறந்தார். பின்னர் கிளாப்டன் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் நடத்திய கச்சேரிகளுக்கு அவரை அழைத்தார். அதையொட்டி ஒரு கம்பெனி முன்வர, 1991-இல் 'டாம் ரைட், ஐ'வ் காட் த புளூஸ்' வெளிவந்தது. கிராமி பரிசு பெற்றது. அப்போது அவர் வயது 55.

நண்பர்களே, இதிலிருந்து எனக்குப் புலப்படுவது ஒன்றுதான். முப்பது ஆண்டுக் காலம் அவருடைய உண்மையான ஒலி தட்டில் முழுதாய் ஏறவில்லை, மேடையில்தான் இருந்தது. நேரே போய்க் கேட்டவருக்கே அது கிடைத்தது. அதற்குப் பௌதிகக் காரணமும் உண்டு. அந்த ஒலியை உண்டாக்குவது தந்தி மட்டுமன்று. அறையும், சுவரும், ஒலிபெருக்கிக்கும் ஆளுக்கும் உள்ள தூரமும் சேர்ந்தே உண்டாக்குகின்றன. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அலற வைத்த அதே கையால் அவர் ஒலியைக் கிசுகிசுப்பாய்க் குறைப்பார். அரங்கம் முழுவதும் மூச்சடக்கிக் காத்திருக்கும். அந்த அமைதியை ஊரார் நடுவில் உட்கார்ந்துதான் உணர முடியும். காதில் கருவியை மாட்டிக்கொண்டு உணர முடியுமா?

அவர் மேடையில் ஏந்திய கிதார்களில் ஒன்று புள்ளிகள் இட்டது. ஊரைவிட்டுக் கிளம்புகையில் தாயார் பக்கவாதத்தால் நலிந்திருந்தார். 'பணம் சேர்த்து, புள்ளி போட்ட காடிலாக் காரில் வருவேன்' என்று மகன் சொன்னார். பொய்யென்று தெரிந்தே சொன்னதாக அவரே கூறியிருக்கிறார். தாயார் 1968-இல் காலமானார். மகன் வாசித்து ஒரு முறையும் கேட்கவில்லை. அந்தப் பொய்க்கு ஈடாகத்தான் கிதாரில் புள்ளிகள். 'விடுதிச் சாப்பாடு நன்றாக இருக்கிறது, அம்மா' என்று தொலைபேசியில் சொல்லிப் பழகிய நமக்கு இதற்கு மேல் உரை வேண்டியதில்லை.

2023 பிப்ரவரியில் தம் விடைபெறும் பயணத்தில் அவர் மும்பைக்கு வந்து, பாந்திராவில் வாசித்தார். வயது 86. அன்று நான் தஞ்சையில் இளங்கலை மாணவன். அவர் பெயரையே கேட்டதில்லை. இந்நகருக்கு வந்த பிறகு அந்த அரங்கின் வாயிலை ஒரு நாள் பேருந்திலிருந்து பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை, போக்குவரத்து இரைச்சலைத் தவிர.

இனி இந்நகரில் ஒரு முதிய கலைஞர் வாசிக்கப் போகிறார் என்று சுவரொட்டி கண்டால், எந்த நாட்டவரானாலும், எந்த வாத்தியமானாலும், மறுநாள் செய்முறைத் தேர்வே இருந்தாலும், நான் போவதென்று இருக்கிறேன். கடைசி வரிசைச் சீட்டுக்குப் பணம் சேர்த்து வருகிறேன். உடன் வர விரும்புவோர் சொல்லுங்கள். பேருந்துக் கட்டணத்தைப் பகிர்ந்துகொள்ளலாம்.