மண்வழியும் மிதிவண்டியும்

உத்திரமேரூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் பழைய மிதிவண்டியின் பெருமையைத் தார்ச்சாலையில் காண இயலாது. ஏரிக்கரை மண்வழியில்தான் காணலாம். மழை அரித்த பள்ளமும் மாட்டுவண்டித் தடமும் நிறைந்த அவ்வழியில், பின்னே நெல்மூட்டை கனக்க, உழவர் ஒருவர் தள்ளாட்டமின்றிச் செல்வார். அவர்தம் பழக்கம் பாதி. வண்டியின் அமைப்புப் பாதி.

அவ்வமைப்பு யாது? சக்கரங்கள் 28 அங்குல அளவின. அவற்றின் இடைத்தொலைவு மிகுதி. முன்சக்கரத்தைத் தாங்கும் கவை நன்கு சாய்ந்து, நுனியில் முன்னோக்கி வளைந்திருக்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்குங்கால் அக்கவை சற்றே நெகிழ்ந்து அதிர்ச்சியைத் தணிக்கும். எஞ்சியதை இருக்கையின் சுருள்வில் ஏற்கும். ஆதலின் கைப்பிடி துள்ளாது. வண்டி நெறி பிறழாது. குறையும் உண்டு. சட்டெனத் திரும்புதல் அதற்குக் கைவராது. மழையில் நனைந்த எஃகு விளிம்பில் பிரேக்குக் கட்டை வழுக்கும்; கரைச்சரிவில் இறங்குவோர் இதனை மறத்தல் ஆகாது.

இன்று மலைமிதிவண்டி எனப் பெயர்பெற்ற ஊர்தியும், இவ்வாறே நீண்டு சாய்ந்த வேறொரு நாட்டுப் பழைய வண்டியிலிருந்து பிறந்ததே. அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில், மாரின் வட்டாரத்து இளைஞர் சிலர், 1930-களிலும் 1940-களிலும் செய்யப்பெற்ற பருத்த டயர் வண்டிகளை 1970-களில் மலைமேல் கொண்டு சென்று, மண்சரிவில் விரைந்து இறங்கினர். பின்சக்கரக் குடத்துள் அமைந்த பிரேக்கு சூடேற, உள்ளிருந்த மசகு புகைந்து தீரும். இறங்கியபின் புதிதாக அடைத்தல் வேண்டும். அதனால் அச்சரிவுக்கு 'ரீபேக்', அதாவது 'மீண்டும் அடை' என்றே பெயராயிற்று. 1977-இல் ஜோ பிரீஸ் என்பார் மலைக்கெனவே புதுவண்டி சமைத்தார். கனத்த குழாயை நீக்கி, இலேசான எஃகுக் குழாயை இட்டார். பழைய வண்டியின் சாய்வை மட்டும் மாற்றினாரல்லர்.